டிவி பிரசங்கம், மாதக் காணிக்கை, தாயத்து: வாசகர் கேள்வி பதில்

காலையில் டிவியில் வரும் பிரசங்கியார்கள் பலரும் "மாதப் பங்காளர் ஆகுங்கள்" என்கிறார்கள். அம்மா தன் பென்ஷனிலிருந்து அனுப்புகிறார். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, பெரம்பூர்

அந்த அரை மணி நேரம் பெரும்பாலும் ஊழியத்தின் டிரஸ்ட் சேனலிடம் காசு கொடுத்து வாங்கியது. "இதில் வரும் கருத்துகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று கார்டு போடுவது அதனால்தான். நேரத்துக்கான பணத்தை விடாமல் கட்டியாக வேண்டும். எனவே மாதம் தவறாமல் வரும் காணிக்கைதான் அவர்களுக்கு உயிர். 1960-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பேட் ராபர்ட்சன், தன் நிலையத்தை மூடாமல் காப்பாற்ற மாதம் 10 டாலர் தரும் 700 பேர் வேண்டும் என்று டிவியில் கேட்டார். 'தி 700 கிளப்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஆக, கேட்பதே மோசடி ஆகிவிடாது. பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் போனில் டிரஸ்டின் பெயர் வர வேண்டும். தனிநபர் பெயர் வந்தால் அனுப்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் கோடு வேண்டவே வேண்டாம். பிரபல ஊழியரின் படத்துக்குக் கீழே யாரும் தங்கள் கோடை ஒட்டிவிடலாம். அம்மாவின் யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியையும் திறந்து பாருங்கள். ஒருமுறை சம்மதம் கொடுத்திருந்தால் அவர் மறந்தாலும் மாதாமாதம் பணம் போகும். அங்கேயே ரத்து செய்யலாம்.

நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்; ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. ஒரு மதத்தினருக்காகவே நடக்கும் டிரஸ்டுக்குப் பொதுவாக 80ஜி கிடைக்காது. அது இல்லை என்பதற்காகச் சந்தேகப்படாதீர்கள். இல்லாமலே உண்டு என்று சொன்னால் சந்தேகப்படுங்கள்.

நடமாட முடியாத பெரியவர்களுக்கு இந்த நிகழ்ச்சிதான் ஆலயம். பார்க்கட்டும், ஜெபிக்கட்டும். ஆனால் "மாத்திரையை நிறுத்தினேன், சுகமானேன்" என்று யாராவது சாட்சி சொன்னால், அந்த இடத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. பிரஷர் ஏறினாலும் பலருக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது. அதையே சுகம் என்று நம்பிவிடுவார்கள்.

பக்திச் சேனல் ஒன்றில் சாமியார் ஒருவர், கட்டினால் சர்க்கரை நோய் போகும் என்று தாயத்து விற்கிறார். யாரிடம் புகார் செய்வது?
– வாசகர், கொடுங்கையூர்

இப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. தாயத்து, மந்திரம், கவசம் மூன்றும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன.

முதல் புகார் சேனலுக்கு. தேதி, மணி, அவர் சொன்ன வார்த்தைகள், போனில் எடுத்த வீடியோ எல்லாம் வேண்டும். "காலை நிகழ்ச்சியில்" என்று மொட்டையாக எழுதினால் தட்டிக்கழிப்பார்கள். 2021-ல் திருத்திய கேபிள் டிவி விதிகளின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் பதிலும் வர வேண்டும். பதில் சரியில்லை என்றால், அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள, சேனல்களே சேர்ந்து நடத்தும் சுய ஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யுங்கள். அவர்களுக்கு 60 நாள் அவகாசம். அதற்கும் மேலே மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். ஒளிபரப்பின் பதிவைச் சேனல் 90 நாள் வைத்திருந்தால் போதும் என்பதால், பார்த்த வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.