கையெழுத்துப் போட்ட ரன்னிங் பேக் புது ஒப்பந்தம் கேட்பது நியாயமா?

கேள்வி இது: அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், நான்கு ஆண்டு ரூக்கி ஒப்பந்தத்தில் (புதிதாக வருபவரின் முதல் ஒப்பந்தம்) ஆடும் ஒரு ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுபவர். மூன்று சீசன் முடித்துவிட்டார். ஆட்டத்தில் முதல் வரிசை, சம்பளத்தில் கடைசி வரிசை. இன்னும் ஓராண்டு பாக்கி இருக்கும்போதே புது ஒப்பந்தம் வேண்டும் என்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?

என் பதில்: கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதையும் ஏறக்குறைய டாலர் கணக்கில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அந்தத் தொகை லீகின் விதிகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

முதலில் "கையெழுத்துப் போட்டாயிற்றே, பேசாமல் ஆடு" என்கிற வாதத்தைப் பார்ப்போம். இரண்டு பக்கமும் கட்டுப்பட்ட ஒப்பந்தமாக இருந்தால் அது நியாயம்தான். என்எஃப்எல் ஒப்பந்தம் அப்படிப்பட்டதல்ல. கியாரண்டி என்று எழுதாத எந்தச் சம்பளமும் உறுதி கிடையாது. மூட்டு தேய்ந்துவிட்டது என்று தோன்றினால் அணி ஒரு மார்ச் மாதக் காலையில் ஆளை வெளியே அனுப்பிவிடும், பாக்கி ஆண்டுகளின் பணம் காற்றோடு போகும். அதை யாரும் வாக்குத் தவறுதல் என்று சொல்வதில்லை. வீரர் கேட்டால் மட்டும் பேராசை.

அடுத்து, அவர் கையெழுத்துப் போட்ட தொகையே பேரம் பேசி வந்ததல்ல. 2011இல் உரிமையாளர்களும் வீரர் சங்கமும் போட்ட உடன்படிக்கையிலிருந்து டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வு) எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாரோ அந்த எண்தான் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. நான்கு ஆண்டு ஒப்பந்தம். முதல் சுற்று ஆட்களுக்கு மட்டும் ஐந்தாம் ஆண்டு, அணியின் விருப்பப்படி. மூன்றாவது சீசன் முடியும்வரை அந்த ஒப்பந்தத்தைத் திருத்தவே கூடாது. டென்னசி டைட்டன்ஸின் கிறிஸ் ஜான்சன் 2009இல், தன் இரண்டாவது சீசனிலேயே, பந்தோடு மொத்தம் 2,006 யார்டு ஓடினார், அபூர்வமான எண் அது. இன்றைய விதியில் அப்படி ஓடிய ஒருவருக்கு அணி மனது வைத்தாலும் மறு ஆண்டு ஒப்பந்தத்தைத் திருத்திக் கொடுக்க முடியாது.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு இந்தப் பூட்டு பெரிய பாதிப்பு இல்லை, 35 வயதிலும் சம்பாதிப்பார். ரன்னிங் பேக்கின் கதை வேறு. ஒவ்வொரு முறை பந்தைத் தூக்கும்போதும் கனமான ஆட்கள் மேலே விழுவார்கள். கால்களில் இருக்கும் நல்ல ஆண்டுகள் 22 முதல் 27 வரை என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். ரூக்கி ஒப்பந்தம் அதில் நான்கை விழுங்கிவிடுகிறது. அதன்பின் ஃபிரான்சைஸ் டேக் என்று ஒன்று உண்டு: அந்த இடத்தில் ஆடும் முதல் ஐந்து பேரின் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்ட தொகைக்கு ஓராண்டு கட்டிப்போடலாம். மறு ஆண்டும் டேக் போட்டால் முந்தைய சம்பளத்தில் 120 சதவீதம். இரண்டு டேக்கும் முடிந்து சந்தைக்கு வரும்போது ஆளுக்கு 27, 28 ஆகியிருக்கும். அப்போது எல்லா அணிகளும் ஒரே குரலில் "வயதாகிவிட்டது" என்பார்கள்.

இதை ஒரு ஆளை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் ஜோனதன் டெய்லர், 2020 டிராஃப்டில் 41ஆவது ஆள், அதாவது இரண்டாம் சுற்று. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து சுமார் 78 லட்சம் டாலர். 2021இல் 1,811 யார்டு ஓடி லீகில் முதலிடம். இரண்டாம் இடத்தில் இருந்த நிக் சப் 552 யார்டு பின்னால் நின்றார். அந்த ஆண்டுகளில் ரன்னிங் பேக்குகளில் உச்ச ஒப்பந்தம் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியுடையது, ஆண்டுக்கு சராசரி 1.6 கோடி. டெய்லரின் சராசரி 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

2023 கோடையில் டெய்லர் புது ஒப்பந்தம் கேட்டார், கிடைக்கவில்லை என்றதும் வேறு அணிக்கு மாற்றிவிடச் சொன்னார். அணியின் அப்போதைய உரிமையாளர் ஜிம் இர்சே, உடன்படிக்கை போட்ட பிறகு ஒரு வகை ஆட்டக்காரர்கள் மட்டும் மறுபேரம் கேட்பது முறையல்ல என்கிற பொருளில் வெளிப்படையாகவே எழுதினார். பத்து வாரம் கழித்து, அக்டோபர் 7ஆம் தேதி, அதே அணி டெய்லருக்கு 3 ஆண்டு, 4.2 கோடி டாலர், அதில் 2.65 கோடி கியாரண்டி என்று கையெழுத்திட்டது.

அந்த 2.65 கோடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். 2023இல் ரன்னிங் பேக் டேக் தொகை 1 கோடியே 91 ஆயிரம் டாலர். அதில் 120 சதவீதம் சுமார் 1 கோடியே 21 லட்சம். இரண்டையும் கூட்டினால் 2.22 கோடி. டெய்லரின் பழைய ஒப்பந்தத்தில் 2023க்கான சம்பளம் சுமார் 43 லட்சம். மொத்தம் 2.65 கோடி. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பேரம் எப்போதுமே இந்தக் கணக்கில்தான் தொடங்கும். அணி எதுவும் செய்யாமல், பாக்கி ஓராண்டும் இரண்டு டேக்கும் போட்டு ஓட்டினால் எவ்வளவு செலவாகுமோ, அதற்குக் கீழே கியாரண்டி வாங்கிக் கையெழுத்திடுவதில் வீரருக்கு லாபமில்லை. அதற்கு மேலே போனால் அணிக்கு அவசரம் இல்லை. நான் மேலே சொன்ன "ஒளிந்திருக்கும் தொகை" இதுதான். டெய்லருக்குப் புதிதாகச் சேர்ந்த மூன்று ஆண்டுகளும் அவருக்கு 25, 26, 27 வயதாகும் சீசன்கள் என்பதையும் கவனியுங்கள். 28ஐ யாரும் வாங்கவில்லை.

நேரமும் முக்கியம். மூன்றாவது சீசன் முடிந்து நான்காவது தொடங்குவதற்குள் இருக்கும் சில மாதங்கள்தான் ரன்னிங் பேக்குக்கு உண்மையான ஜன்னல். டாட் குர்லி 2015 டிராஃப்ட், 2018 ஜூலையில் கையெழுத்து. எசக்கியேல் எலியட் 2016 டிராஃப்ட், 2019 செப்டம்பரில் 6 ஆண்டு 9 கோடி. மெக்காஃப்ரி 2017 டிராஃப்ட், 2020 ஏப்ரல். பஃபலோ பில்ஸின் ஜேம்ஸ் குக் 2022 டிராஃப்ட், 2025 ஆகஸ்டில் 4 ஆண்டு, 4.8 கோடி வரை, 3 கோடி கியாரண்டி. எல்லாரும் அதே ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். இதைத் தாண்டி நான்காவது சீசனையும் பழைய சம்பளத்தில் ஆடினால், 300 முறை பந்து தூக்கிய தேய்மானம் மட்டும் கூடும், கையில் இருக்கும் துருப்பு குறையும்.

எப்படி அழுத்தம் கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் சீசனுக்கு முந்தைய ட்ரெய்னிங் கேம்ப்புக்கு வராமல் இருந்தால், 2020 உடன்படிக்கைப்படி ஒரு நாளைக்கு 50,000 டாலர் அபராதம், அணி நினைத்தாலும் தள்ளுபடி செய்ய முடியாது. ரூக்கி ஒப்பந்தக்காரர்களுக்கு 40,000, இதை அணி மன்னிக்கலாம். அதனால்தான் இப்போது "ஹோல்ட் இன்" வந்திருக்கிறது. கேம்ப்புக்கு வருவார், கூட்டங்களில் உட்காருவார், பயிற்சியில் மட்டும் இறங்கமாட்டார். குக் செய்தது இதுதான். டேக் போடப்பட்டு இன்னும் கையெழுத்திடாதவருக்கு அபராதமே கிடையாது, காரணம் அவரிடம் ஒப்பந்தமே இல்லை. ஆனால் அவருக்கு வேறொரு கத்தி தொங்கும்: ஜூலை நடுவில் வரும் கெடு தாண்டினால் அந்த ஆண்டு பல ஆண்டு ஒப்பந்தம் பேசவே கூடாது.

சீசன் தொடங்கிய பிறகும் வராமல் இருப்பது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. லீவியான் பெல் 2018 முழுவதும் உட்கார்ந்து சுமார் 1.45 கோடி டேக் தொகையை விட்டார். மறு ஆண்டு நியூயார்க் ஜெட்ஸ் 4 ஆண்டுக்கு 5.25 கோடி என்று எழுதியது, 2020 அக்டோபரில் அனுப்பியும் விட்டது. மெல்வின் கோர்டன் 2019இல் முதல் நான்கு ஆட்டம் ஆடவில்லை. அவருடைய சம்பளத்தில் ஒரு வாரம் என்பது சுமார் 3.3 லட்சம் டாலர். திரும்பி வந்து, அடுத்த ஆண்டு டென்வரில் அவருக்குக் கிடைத்தது 2 ஆண்டு 1.6 கோடி. வெற்றி பெற்ற பழைய உதாரணம் எம்மிட் ஸ்மித்: 1993இல் அவர் இல்லாத முதல் இரண்டு ஆட்டமும் அவருடைய டல்லாஸ் அணி தோற்றது, உடனே கையெழுத்தானது, அந்த சீசனில் கோப்பையும் வந்தது. ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். அணி தோற்குமா என்பது நம் கையில் இல்லாத விஷயம்.

ஏனென்றால் அணியின் பக்கத்திலும் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. பெல் வராத அதே ஆண்டு, அவர் அணி மூன்றாம் சுற்றில் எடுத்த ஜேம்ஸ் கானர் 13 ஆட்டங்களில் 973 யார்டு ஓடினார், ரூக்கி சம்பளத்தில். கோர்டன் வராதபோது டிராஃப்டிலேயே எடுக்கப்படாத ஆஸ்டின் எக்லர் அந்த இடத்தை நிரப்பினார். முன்வரிசைத் தடுப்பாளர்கள் நன்றாக வழி திறந்தால் யார் ஓடினாலும் நான்கு யார்டு கிடைக்கும் என்பதில் பாதி உண்மை.

மீதிப் பாதிக்குத்தான் பணம். அது யாரிடம் இருக்கிறது என்று பார்க்க மொத்த யார்டைப் பார்க்காதீர்கள், அது அதிகம் பொய் சொல்லும் எண். மூன்றாவது டவுனில் (பத்து யார்டு தாண்டக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) அவர் களத்தில் இருக்கிறாரா, இல்லை அந்த நேரம் பார்த்து வெளியே கூப்பிடுகிறார்களா? பந்தை எறியும் பாஸ் விளையாட்டில் பாய்ந்து வரும் லைன்பேக்கரை (எதிரணியின் தடுப்பாட்டக்காரர்) நெஞ்சில் வாங்கி நிறுத்துகிறாரா? ஓட்டத்தைத் தடுக்க எதிரணி எட்டுப் பேரை முன்னால் நிறுத்தியபோது என்ன ஓடினார்? முதல் ஆள் தொட்ட பிறகு எத்தனை யார்டு? குக்கையே எடுங்கள். 2024இல் 16 முறை ஓடி டச் டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) போட்டார், ஆனால் ஆட்டத்தில் பாதியளவுதான் களத்தில் இருந்தார். அணி தயங்கியதற்கு அது நியாயமான காரணம். மறுபக்கம், தேய்மானம் குறைவு என்பது அவர் தரப்புக்கு வலு. ஒரே எண்ணை இரண்டு பேரும் தங்கள் பக்கம் இழுப்பார்கள்.

சாக்வான் பார்க்லியைக் காட்டி "எல்லாருக்கும் கொடுங்கள்" என்பவர்களும் உண்டு. 2024இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் 2,005 யார்டு ஓடி, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலும் வென்று, 2025 மார்ச்சில் ஆண்டுக்கு 2 கோடியைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் ஆனார், உண்மைதான். 27 வயதில் அப்படி ஓடுபவர் அபூர்வம், அவரை அளவுகோலாக வைத்தால் மற்றவர் எல்லாரும் குள்ளமாகத்தான் தெரிவார்கள்.

கடைசியாக, ஒப்பந்தச் செய்தி வந்ததும் மொத்தத் தொகையை விட்டுவிட்டுத் தேதிகளைத் தேடுங்கள். கியாரண்டியிலும் ரகம் உண்டு. கையெழுத்திட்ட அன்றே உறுதியாவது ஒன்று. காயம்பட்டால் மட்டும் கிடைப்பது இன்னொன்று, இது பெரும்பாலும் அடுத்தடுத்த மார்ச்சில் ஒரு குறிப்பிட்ட நாளில்தான் முழு உறுதியாகும். அந்த நாளுக்கு முன்னால் அனுப்பிவிட்டால் அந்தப் பணம் வராது. குர்லிக்கு 2018இல் தலைப்புச் செய்தியாக வந்தது 4.5 கோடி கியாரண்டி. 2020 மார்ச் 19 அன்று 1.05 கோடி முழு உறுதியாக வேண்டியிருந்தது. அவருடைய அணியான ராம்ஸ் அவரை விடுவித்தது அதே நாளில், கெடுவுக்குச் சில நிமிடங்கள் முன்பு.