கூடைக் கயிறு அறுந்ததா, அறுத்ததா?

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். தரம் 5 படிக்கும் மகள் கட்டுரையில் ‘அம்மாவின் கூடைக் கயிறு அறுத்துவிட்டது’ என்று எழுதினாளாம். ஆசிரியர் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டாராம். “வீட்டில் நாங்கள் அறுந்துருச்சு என்றுதான் சொல்வோம். அறுந்தது, அறுத்தது, அறுபட்டது, அற்றது என்று இத்தனை இருக்கின்றனவே, எதை எங்கே எழுதுவது?”

வீட்டில் நீங்கள் பேசுவதுதான் சரி. ‘அறுந்துருச்சு’ எழுத்தில் ‘அறுந்துவிட்டது’ ஆகும். மகள் தவறவிட்டது ‘ந்’ என்ற ஒரே ஓர் எழுத்தை. ஆனால் செயலைச் செய்தது யார் என்பதையே அந்த எழுத்து மாற்றிவிடுகிறது.

கயிறு நைந்து தானாக இரண்டானால், அது அறுந்தது. ஒருவர் கத்தியை எடுத்து அதை இரண்டாக்கினால், அவர் அறுத்தார். முதலாவதைத் தன்வினை என்றும் இரண்டாவதைப் பிறவினை என்றும் பாடப்புத்தகம் சொல்லும். ‘கயிறு அறுத்தது’ என்று எழுதினால், கயிறு வேறு எதையோ அறுத்தது என்றாகிவிடும். அதற்கும் இடம் உண்டு. ‘ஈரக் கொழுந்து நிறைந்த கூடை கனத்தது, கயிறு அம்மாவின் தலையை அறுத்தது.’ இது பிழையே இல்லாத வாக்கியம். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டித் தேயிலைக் கொழுந்து சுமந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

‘அறுபட்டது’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முள்கம்பியில் உரசி உரசிக் கயிறு அறுபட்டது என்போம். காரணம் வெளியே இருக்கிறது, ஆனால் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்ததுதான், ஆளைச் சொல்லவில்லை என்றால் ‘அறுக்கப்பட்டது’.

இந்த ‘ந்த’, ‘த்த’ ஜோடியைப் பிள்ளை பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கிழிந்தது, கிழித்தது. முறிந்தது, முறித்தது. பிரிந்தது, பிரித்தது. மூக்கால் ஒலிப்பது தானாக நடந்தது. அழுத்தி ஒலிப்பது ஒருவர் செய்தது. எல்லா வினையும் இப்படி நடக்காது. ‘துண்டி’ பிறவினை மட்டும்தான். அதனால்தான் மண்சரிவு வந்தால் ‘பாதை துண்டிக்கப்பட்டது’ என்று செய்தியில் எழுதுகிறார்கள்.

அப்புறம், எதை அறுப்பது, எதை வெட்டுவது? கத்தியோ வாளோ முன்னும் பின்னும் இழுபட்டால் அறுத்தல்; ஓங்கி விழுந்தால் வெட்டுதல். மரத்தைக் கோடாலியால் வெட்டிச் சாய்த்து, வாளால் பலகையாக அறுக்கிறோம். நெல்லை அறுக்கிறோம். நுவரெலியாத் தோட்டத்தில் கோவாவை (முட்டைக்கோசை) வெட்டுகிறோம், கரட்டைப் பிடுங்குகிறோம். தேயிலை மலையிலோ இந்தச் சொற்கள் இன்னும் நுணுக்கமானவை. கையால் எடுக்கும் கொழுந்தை அறுப்பது என்றும் சொல்வதில்லை, வெட்டுவது என்றும் சொல்வதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல் நுனியால் கிள்ளுகிறோம், பறிக்கிறோம். செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கத்தியால் தாழ வெட்டுவதற்குக் கவ்வாத்து என்று தனிப்பெயரே இருக்கிறது. பிள்ளை கட்டுரையில் இவற்றைத் தயங்காமல் எழுதட்டும். இவை கொச்சை அல்ல, ஒரு தொழிலின் சொற்கள்.

ஓர் எச்சரிக்கை. வெங்காயத்தை அரிகிறோம், இடையின ‘ர’. அரிவாளுக்கும் அதுவே. ‘வெங்காயத்தை அறிந்தாள்’ என்று வல்லின ‘ற’ போட்டால், அவளுக்கு வெங்காயத்தைப் பற்றித் தெரியும் என்று பொருள்.

சரி, ‘அற்றது’. பெறு பெற்றது ஆவதுபோல, உறு உற்றது ஆவதுபோல, அறு அற்றது ஆகிறது. இதற்கு இல்லாமல் போனது, தீர்ந்துபோனது என்று பொருள். கயிற்றுக்கு இதை இன்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் பெயரோடு ஒட்டி நாள்தோறும் வருகிறது: வேலையற்ற, பயனற்ற, காணியற்ற.

நம் மலையகத் தமிழ் மக்களுக்கு இந்தச் சொல்லால் வந்த பெயர் ‘நாடற்றவர்’. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘அற்ற’ தன்வினை. நாடு இல்லை என்று சொல்லும். இல்லாமல் ஆக்கியது யார் என்று சொல்லாது. கயிறு நைந்து அறுவதுபோல அது தானாக நடந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இந்திய, இலங்கை அரசுகள் ஒப்பந்தம் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தன. ‘மக்கள் பிரிந்தார்கள்’ என்று எழுதினால் அவர்களே விரும்பிப் போனதுபோல் ஆகிவிடும். ‘பிரிக்கப்பட்டார்கள்’ என்பதே நடந்தது. கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போன உறவுகள் எங்கள் வீட்டிலும் உண்டு. சில வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. அந்தத் தொடர்பு அறுந்துபோனது. நாங்களும் அறுக்கவில்லை, அவர்களும் அறுக்கவில்லை. அங்கே தன்வினைதான் பொருந்தும்.

குடியுரிமைக்குப் பொருந்துவது நம் கைக்குப் பழகிய சொல்லே: பறித்தார்கள். ‘குடியுரிமை இல்லாமல் போனது’ என்று மகள் எழுதினால், ‘குடியுரிமை பறிக்கப்பட்டது’ என்று திருத்திக் கொடுங்கள். குடியுரிமையைத் திரும்பக் கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதையை எழுதும்போது வினை சரியாக இருக்க வேண்டும்.

பரீட்சைக்கு முன் வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, சுற்றி நடந்ததைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் கேளுங்கள். ‘கூரைத் தகரம் பிரிந்தது. காற்று தகரத்தைப் பிரித்தது.’ ‘கொடிக் கயிறு அறுந்தது. தம்பி கொடிக் கயிற்றை அறுத்தான்.’ இரண்டாவது வாக்கியத்தில் ‘யார்?’ என்று கேட்டதும் விடை வந்துவிட்டால், பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது.