அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே சபைகள் நடத்தும் சிறு பள்ளிகளில் எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒரே அறையில் எப்படிப் பாடம் நடக்கிறது? பிள்ளையைச் சேர்க்கலாமா?

எல்லாச் சபைப் பள்ளியும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் ஒரே அறையில் நடப்பவற்றில் பல, 1970இல் டெக்சாஸில் தொடங்கிய ஏ.சி.இ. (Accelerated Christian Education) என்ற கிறிஸ்தவப் பாடமுறையில் ஓடுபவை. அதில் ஆசிரியர் கரும்பலகை முன் நிற்பதே அபூர்வம்.

வருடத்துக்கு ஒரு தடிமனான புத்தகம் கிடையாது. பாடத்துக்கு 12 மெல்லிய பயிற்சிப் புத்தகங்கள், பெயர் 'பேஸ்'. 1001 முதல் 1012 வரை முதல் வகுப்பு, 1133 முதல் 1144 வரை பன்னிரண்டாம் வகுப்பு. சேரும்போது வைக்கும் தேர்வில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குவார்கள். அதனால் ஒரே பிள்ளை கணக்கில் நான்காம் வகுப்பிலும் ஆங்கிலத்தில் ஆறாம் வகுப்பிலும் இருக்கலாம். வாசிக்கத் தெரியாத சின்னஞ்சிறுசுகளுக்கு மட்டும் ஆசிரியர் தனியாக எழுத்தும் ஒலியும் சொல்லித் தருவார்.

காலையில் ஜெபம், வசனம். பிறகு அவரவர் தடுப்பு மேசை, அதாவது பக்கத்துப் பிள்ளை தெரியாதபடி இருபுறமும் பலகை வைத்த தனி மேசை. அன்றைக்கு எத்தனை பக்கம் என்று பிள்ளையே அட்டையில் குறித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் மேசைமேல் சின்னக் கொடியை ஏற்றிவைத்தால் மேற்பார்வையாளர் வருவார். பக்கங்களை முடித்ததும் அனுமதி வாங்கி, விடைப் புத்தகம் இருக்கும் மேசைக்குப் போய்த் தானே திருத்த வேண்டும். கடைசியில் சுயதேர்வு, புத்தகத்தை ஒப்படைத்து மறுநாள் இறுதித் தேர்வு. பொதுவாக 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் புத்தகத்தை மறுபடி செய்ய வேண்டும்.

சிக்கல் வருவது அந்தத் திருத்தும் மேசையில்தான். கண்காணிப்பு தளர்ந்தால் பிள்ளை விடையைப் பார்த்து மனதில் வாங்கி வந்து எழுதிவிடும். மதிப்பெண் அருமையாக இருக்கும், பாடம் ஏறியிருக்காது. பெரும்பாலும் கோடிட்ட இடம் நிரப்புவது என்பதால், சொந்தமாக நான்கு பத்தி எழுதச் சொன்னால் திணறுவார்கள். ஆய்வகமும் பல இடங்களில் பெயருக்குத்தான். அறிவியல் பாடம் பரிணாமத்தை மறுத்து, ஆறு நாள் படைப்பையே உண்மையாகச் சொல்லும். இதைத் தெரிந்தே சேர்க்க வேண்டும்.

மற்றபடி, தன்னொழுங்கு உள்ள பிள்ளைக்கும், பெரிய வகுப்பில் பின்தங்கிப் போன பிள்ளைக்கும் இது நன்றாகவே பொருந்தும். துறுதுறுவென்று பேசிப் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தடுப்பு மேசை தண்டனைதான்.

போய்ப் பார்க்கும்போது முடித்த பேஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். சிவப்பு மையில் தவறுக் குறியே இல்லாமல் பக்கம் பக்கமாகச் சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா, யார் தந்தது என்றும் கேளுங்கள். பல மாநிலங்களில் மதப் பள்ளிக்கு அது கட்டாயமில்லை. உயர்நிலை வகுப்பின் நடுவில் அரசுப் பள்ளிக்கு மாறினால், படித்த பாடங்களைக் கணக்கில் எடுப்பதா என்பதை அந்தப் பள்ளியே தீர்மானிக்கும்.