வாசகர் கேள்விகள்: ஒயிட் மவுண்டன்ஸில் இலை பார்க்க வருகிறவர்களுக்கு

போன இதழில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஒயிட் மவுண்டன்ஸ் மலைக்காடுகள் இலையுதிர் காலத்தில் நிறம் மாறுவதைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் அப்பா, அம்மாக்கள் எழுதியவை. இந்த மாநிலத்திலேயே குடியிருப்பவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பாஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செப்டம்பர் கடைசியில் வருகிறோம். மூன்று வாரம் இருப்போம். இலைகள் உச்ச நிறத்தில் இருப்பது ஒரே ஒரு வாரம்தான், அதைத் தவறவிட்டால் போச்சு என்கிறார்கள். எந்த வாரம் கிளம்ப வேண்டும்? என் கணவருக்கு மூட்டுவலி. மலை ஏற முடியாது.
– ஒரு வாசகி, மன்னார்குடி

எந்த வாரமும் கிளம்பலாம் அம்மா. உங்கள் மூன்று வாரத்தில் எந்தச் சனிக்கிழமை மகளுக்கு வசதிப்பட்டாலும் சரி, நிறம் எங்கேயோ ஓரிடத்தில் உங்களுக்காக இருக்கும். போகிற வாரத்துக்குத் தகுந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் போதும்.

ஒரு மரத்துக்கு உச்சம் உண்டு, ஒரு சரிவுக்கும் உண்டு. மலைத்தொடர் முழுவதற்கும் சேர்த்து ஒரே வாரத்தில் உச்சம் வருவதில்லை. குளிர் உச்சியிலிருந்து கீழே இறங்குகிறது. நிறமும் அதன் பின்னாலேயே இறங்குகிறது. உங்கள் ஊரில் சாமி புறப்பாடு மாதிரிதான்: மேலத்தெருவில் தவறவிட்டவர் கீழத்தெருவில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

இதைக் கண்கூடாகப் பார்க்கக் கேங்கமாகஸ் நெடுஞ்சாலைதான் சரியான இடம். லிங்கன் என்ற ஊருக்கும் கான்வே என்ற ஊருக்கும் இடையே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். கேங்கமாகஸ் என்பது பதினேழாம் நூற்றாண்டில் இந்த மண்ணில் வாழ்ந்த பென்னகூக் பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர். சாலை கணவாயில் ஏறக்குறைய 870 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. செப்டம்பர் கடைசியில் போனால் கணவாயை ஒட்டிய சரிவுகள் சிவந்திருக்கும், கீழே ஆற்றங்கரை இன்னும் பச்சையாக இருக்கும். அக்டோபர் முதல் வாரமும் இரண்டாவது வாரமும் நடு உயரங்களுக்கு உரியவை. அதற்கப்புறம் கான்வே பக்கத்துத் தாழ்வான பகுதிகளும், இன்னும் தெற்கே ஏரிகளைச் சுற்றிய ஊர்களும். ஆண்டுக்கு ஆண்டு சில நாள் முன்பின் ஆகும். மாநிலச் சுற்றுலாத் துறை தன் இணையதளத்தில் எந்தப் பகுதி எந்த நிலையில் இருக்கிறது என்று பருவம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள் அதை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு வார இறுதியை மட்டும் விட்டுவிடுங்கள். அக்டோபர் இரண்டாவது திங்கள்கிழமை அமெரிக்காவில் அரசு விடுமுறை. அதே நாள் கனடாவில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து வருவார்கள். லிங்கனுக்குள் நுழையவே பொறுமை வேண்டும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அந்த நாள்தான் கிடைக்கும் என்றால், விடியுமுன் பாஸ்டனில் கிளம்பி எட்டு, எட்டரைக்குள் மலையடிவாரத்தில் இருக்கப் பாருங்கள். இரண்டேகால் மணி நேரப் பயணம்.

மூட்டுவலிக்கு வருவோம். என் மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனது. அவரை அழைத்துப்போய்த் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கான்வே பக்கமிருந்து ஏறினால் முதலில் வருவது லோயர் ஃபால்ஸ். ஸ்விஃப்ட் ஆறு பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் படிகளாக விழும் இடம். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து சில அடி நடந்தால் தண்ணீர் தெரியும். மாமியார் அங்கே உட்கார்ந்து தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சுழலும் இடத்தில் மேப்பிள் இலைகள் வந்து மாட்டிக்கொண்டு, சிவப்பு வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தன. "இதைப் பார்த்தாலே போதும், மேலே எதுக்கு" என்றார். அதற்கு மேல் ராக்கி கார்ஜ், அங்கும் நடை குறைவு. ஆற்றின் மேல் ஒரு நடைபாலம் உண்டு. கணவாயை ஒட்டி ஹான்காக், பெமிகெவாசெட் என்று பார்வை முனைகள் இருக்கின்றன. வண்டியிலிருந்து இறங்கி நின்றாலே பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணில் விழும். லிங்கன் பக்கம் லிங்கன் வுட்ஸ் பாதை அகலமானது, ஏறக்குறைய சமதளம். உங்கள் கணவர் கையில் ஒரு குச்சியோடு முடிந்த தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம். ஃப்ளூம் கார்ஜ் என்று எல்லோரும் சொல்வார்கள். அழகான இடம்தான், ஆனால் படிகள் நிறைய. வேண்டாம்.

இன்னொரு வழி ரயில். நார்த் கான்வேயில் கிளம்பும் கான்வே சீனிக் ரெயில்ரோடு, 1875-இல் போட்ட பாதையில் கிராஃபோர்டு நாட்ச் கணவாய்க்கு ஏறுகிறது. பள்ளத்தாக்கைத் தாண்டும் இரும்புப் பாலங்களின் மேல் போகும்போது மரங்களின் தலை உங்கள் ஜன்னலுக்குக் கீழே இருக்கும். அக்டோபர் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள்.

சாப்பாடு, உடை, கழிப்பறை பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.
– ஒரு வாசகர், சேலம்

கேங்கமாகஸ் சாலையில் பெட்ரோல் பங்க் கிடையாது, ஓட்டல் கிடையாது, பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது. லிங்கனிலோ கான்வேயிலோ டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். புளியோதரை, சப்பாத்தி, ஃபிளாஸ்கில் காபி. நிறுத்துமிடங்கள் பலவற்றில் கழிப்பறை உண்டு, தண்ணீர்க் குழாயை எதிர்பார்க்க வேண்டாம். காலையில் உறைநிலையை ஒட்டியும் மதியம் வெயிலாகவும் இருக்கும். ஒரே கனமான கோட்டுக்குப் பதில் இரண்டு, மூன்று மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள். சேலை கட்டுகிறவர்கள் உள்ளே தெர்மல் அணிந்து, காலுக்கு ஷூ போடுவது அவசியம். ஈர இலை பயங்கரமாக வழுக்கும்.

தாவரவியல் படிக்கிறேன். பச்சையம் சிதைந்தால் அடியில் இருக்கும் மற்ற நிறங்கள் வெளியே தெரிகின்றன என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. மேப்பிளின் சிவப்பும் அப்படித்தானா? நம் ஊர் மரங்கள் ஏன் இப்படி மாறுவதில்லை?
– ஒரு மாணவி, கோவை

மஞ்சளுக்கு உங்கள் பாடம் முழுக்கச் சரி. பிர்ச், ஆஸ்பென் மரங்களின் மஞ்சள், கோடை முழுவதும் இலைக்குள் இருந்த கரோட்டினாய்டு என்ற நிறமிதான். பச்சையம் விலகியதும் அது தெரிகிறது. சிவப்பு வேறு. அது ஆந்தோசயனின் என்ற நிறமி. மேப்பிளில் அது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உருவாகிறது. பகல் குறையக் குறையக் காம்பின் அடியில் தக்கை போன்ற அடுக்கு ஒன்று வளர்ந்து, இலைக்கும் கிளைக்கும் உள்ள போக்குவரத்தை மெல்ல அடைக்கிறது. பகலில் இலை செய்த சர்க்கரை இலையிலேயே தங்குகிறது. அந்தச் சர்க்கரையும் வெயிலும் சேர்ந்தால் சிவப்பு. அதனால்தான் பளிச்சென்ற பகலும், உறையாத குளிரோடு இரவும் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் மலை தீப்பிடித்தது போல் இருக்கிறது; மேகமூட்டமான ஆண்டில் சிவப்பு மங்குகிறது. சாகப்போகும் இலைக்கு எதற்கு இந்தச் செலவு? இலையில் உள்ள நைட்ரஜனை மரம் திரும்ப இழுத்துக்கொள்ளும்வரை வெயில் தாக்காமல் காக்கும் திரை அது என்பது தாவரவியலாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம்.

வெயிலின் பங்கை நீங்களே சோதிக்கலாம். சிவப்பு மேப்பிள் கிளையில் ஓர் இலையின் மேல் இன்னோர் இலை படிந்திருப்பதைத் தேடுங்கள். மேலே இருப்பதை மெல்ல விலக்குங்கள். அடி இலையில், நிழல் விழுந்த இடம் மட்டும் மேல் இலையின் வடிவத்திலேயே மஞ்சளாக, பல் விளிம்பு உட்பட, அச்செடுத்தது போல் நிற்கும். சுற்றிலும் சிவப்பு. எனக்கு இந்த மலையிலேயே மிகப் பிடித்த காட்சி இதுதான்.

நம் ஊரைப் பற்றி: கன்னியாகுமரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். இங்கே ஆறு மணி நேரத்துக்கு மேல். நம் மரங்களுக்குக் குளிரை விட வறட்சிதான் கவலை. முதுமலைத் தேக்கு இலை உதிர்ப்பது மழை இல்லாத மாதங்களில். ஆனால் சிவப்பே இல்லை என்று சொல்லாதீர்கள். தெருவோர நாட்டு வாதுமை உதிருமுன் நன்றாகச் சிவக்கிறது. மாந்தளிரின் செம்பு நிறமும் ஆந்தோசயனின்தான். நீலகிரிச் சோலையில் பல மரங்கள் சிவந்த தளிர் விடுகின்றன. இங்கே முதுமையில் வரும் நிறம் அங்கே பிறக்கும்போதே வருகிறது.

அமெரிக்கர்கள் இவ்வளவு பெரிய காட்டை ஆதியிலிருந்து வெட்டாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நம்மால் ஏன் முடியவில்லை?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

வெட்டாமலா? ஐயா, இந்த மலைகளில் பெரும்பகுதியை மொட்டையடித்தார்கள். 1867-இல் நியூ ஹாம்ப்ஷயர் அரசு தன் கையிலிருந்த மலைநிலங்களைத் தனியாருக்கு விற்றது. மரக் கம்பெனிகள் காட்டுக்குள்ளேயே ரயில் போட்டன. மேலே சொன்னேனே லிங்கன் வுட்ஸ் பாதை, அது சமதளமாக இருப்பதற்குக் காரணமே அங்கே மரம் இழுத்த ரயில் ஓடியதுதான். வெட்டிப்போட்ட கிளைகள் காய்ந்து கிடந்து தீப்பிடித்தன. 1903-இல் பெருந்தீ, 1907-இல் மறுபடியும். மழை பெய்தால் சரிவில் தண்ணீரைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. கீழே ஆற்றை நம்பியிருந்த ஆலைகளும் ஊர்களும் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பயந்தன. காட்டைக் காக்க 1901-இல் ஒரு சங்கம் அமைத்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். இதே மாநிலத்தில் பிறந்த ஜான் வீக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் 1911 மார்ச் 1 அன்று கையெழுத்தானது. ஆறுகளின் தலைநிலங்களைத் தனியாரிடமிருந்து அரசே விலைகொடுத்து வாங்க அது வழி செய்தது. 1918-இல் ஒயிட் மவுண்டன் தேசியக் காடு பிறந்தது.

ஆகவே இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி திரும்ப வளர்ந்த காடு. மலையில் பச்சை ஊசியிலைக்கும் சிவப்பு மேப்பிளுக்கும் நடுவே பளீர் மஞ்சளாக ஒரு திட்டு தெரிந்தால் உற்றுப்பாருங்கள். அது பெரும்பாலும் வெள்ளைப் பட்டை உள்ள பேப்பர் பிர்ச். எரிந்த நிலத்தில், வெட்டவெளியில் முதலில் முளைக்கிற மரம். பழைய தீ எதுவரை வந்து நின்றது என்று பல இடங்களில் அந்த மஞ்சள் எல்லைபோட்டுக் காட்டுகிறது. நம்மால் ஏன் முடியவில்லை என்ற உங்கள் கேள்விக்கு, மொட்டை மலையிலிருந்துதான் இவர்களும் தொடங்கினார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் தாமிரபரணியின் தலைக்காடு இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. நமக்கு வேலை இவர்களைவிடக் குறைவு.

நேரில் பார்த்த நிறம் போட்டோவில் வரவேயில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

உச்சி வெயிலில் எடுத்திருப்பீர்கள். மேகம் மூடிய நாளில், அல்லது மழை விட்ட உடனே எடுங்கள்; ஈர இலையில் நிறம் அடர்த்தியாக விழும். வெயில் இருந்தால் இலைக்குப் பின்னால் சூரியன் வரும்படி நில்லுங்கள். போனில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பார்வை முனைகளில் எல்லோரும் எடுக்கும் பள்ளத்தாக்குப் படத்தை ஒன்று எடுத்துவிட்டு, ஒரே ஒரு கிளையிடம் போங்கள்.

நாங்கள் மொன்றியலில் இருக்கிறோம். அக்டோபர் கடைசிக் கிழமைதான் லீவு. அப்ப வந்தால் வெறும் கொம்புதானே இருக்கும்?
– ஒரு வாசகர், மொன்றியல்

மேப்பிள் கொட்டியிருக்கும், உண்மை. ஆனால் டமராக் என்னும் லார்ச் மரம் இருக்கிறது. ஊசியிலை மரம்தான், ஆனாலும் குளிர்காலத்துக்கு இலை உதிர்ப்பது. எல்லாம் முடிந்தபிறகு அக்டோபரின் பின்பாதியில் அது பொன்னிறமாகும். ஜெஃபர்சன் ஊர்ப்பக்கம் ஒரு வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. அதன் பெயர் பாண்டிச்சேரி! உண்மையாகவே அதுதான் பெயர்ப்பலகையில் இருக்கும். பழைய ரயில் பாதையில் சமதளமாக இரண்டரைக் கிலோமீட்டர் போல நடந்தால் செர்ரி பாண்ட் என்ற குளம். சுற்றியுள்ள சதுப்பில் டமராக் மரங்கள், பின்னால் வாஷிங்டன் மலை. 1917 மீட்டர், அந்தச் சமயத்தில் உச்சியில் பனி விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு. காற்று அடித்தால் ஊசிகள் மொத்தமாகக் கொட்டிவிடும், ஆகவே வானிலை பார்த்துக் காற்றுக்கு முந்தின நாளில் வாருங்கள். இலையுதிர் காலம் வேட்டைக் காலமும்கூட என்பதால் எல்லோரும் ஆரஞ்சு நிறச் சட்டையோ தொப்பியோ போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கும் சேர்த்து.