சூடான பாகத்தை அளக்கும் சென்சார்

அன்புள்ள ஐயா,

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் இன்னும் லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில்தான் வேலை செய்யச் சொல்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் பைத்தான், ஏஐ என்று கிளம்பிவிட்டார்கள். இனிமேல் தொழிற்சாலையில் எல்லாவற்றையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். நான் எதைப் படிப்பது?

ஒரு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

பைத்தான் படியுங்கள். ஆனால் அதற்காக லேத்தை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சிஎன்சியில், அதாவது கணினி இயக்கும் வெட்டு இயந்திரத்தில், 100 மிமீ நீளத்துக்கு ஓர் அலுமினியப் பாகம் வெட்டுகிறீர்கள். டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் விலகல், 10 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு), கூடவோ குறையவோ. வெட்டிய சூட்டோடு, 30 டிகிரியில், சென்சார் அதை அளக்கிறது. வரைபடத்தில் உள்ள அளவோ 20 டிகிரிக்கானது. உலகம் முழுக்க அதுதான் வழக்கம். அலுமினியம் மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். அப்படியானால் உங்கள் பாகம் அந்த நேரத்தில் 23 மைக்ரான் நீண்டிருக்கும். பாகம் நீளம் என்று நினைத்து, மென்பொருள் உடனே டூல் ஆஃப்செட்டை, அதாவது வெட்டும் கருவியின் இடத்தைத் திருத்தும் அளவை, குறைத்துவிடும். அடுத்து வரும் பாகங்கள் ஆறியதும் குட்டையாகி, மொத்தமாக ஸ்கிராப்புக்குப் போகும். நிரலில் பிழை இல்லை, சென்சாரும் சரியாகத்தான் அளந்தது. சூட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கையில் எடுத்த பாகம் சுட்டு, கீழே வைத்துப் பழகியவருக்கு அது தோன்றும்.

எண்களை வைத்து இயந்திரத்தைப் புரிந்துகொள்வது பழைய வேலைதான். அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட் 1924-லேயே கண்ட்ரோல் சார்ட்டை, அதாவது இயல்பான மாறுபாட்டையும் உண்மையான கோளாறையும் பிரித்துக் காட்டும் கிராஃபை, உருவாக்கிவிட்டார். இயல்பாக வரும் சின்னச் சின்ன மாறுபாட்டுக்கெல்லாம் இயந்திரத்தைத் திருத்திக்கொண்டே இருந்தால் மாறுபாடு கூடத்தான் செய்யும். தானியங்கி அமைப்பு அந்தத் தவறை மனிதரைவிட வேகமாகச் செய்யும். எப்போது கைவைக்கக் கூடாது என்று அதற்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். நீங்கள் அந்த ஆளாக வேண்டும் என்பது என் விருப்பம்.

மற்றபடி, பிஎல்சியில் (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) லேடர் லாஜிக் (ஏணிபோல் வரையும் நிரல்முறை) எழுதிப் பழகுங்கள். பைத்தானில் ஒரு கோப்பைப் படித்து கிராஃப் போடத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். டாலரன்ஸ் குறியீடுகளை மனப்பாடம் செய்யாமல், வரைபடத்தைப் பார்த்தே அளந்து பாருங்கள்.

அப்புறம், புராஜெக்டுக்கு ஒரு யோசனை. உங்கள் லேபில் உள்ள சிஎன்சி ஸ்பிண்டில் லோடை, அதாவது சுழலும் தண்டின் மீது விழும் சுமையை, காட்டுமா என்று பாருங்கள். காட்டினால், புது டூல் ஒன்றை மாட்டி, அது மழுங்கும்வரை ஒவ்வொரு பாகத்துக்கும் லோடையும் அளவையும் குறித்து வையுங்கள். எந்த இடத்தில் டூலை மாற்றியிருக்க வேண்டும் என்று நீங்களே முடிவுசெய்து, காரணத்தோடு எனக்கு எழுதுங்கள்.