அண்ணப்பிளவு: முதல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என்ன?

உதட்டிலோ, அண்ணம் எனப்படும் வாயின் மேற்கூரையிலோ பிளவுடன் பிறந்த குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பது என் தொழில். தொடர் சிகிச்சை பற்றிப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கும், ஒரு மாணவரின் கேள்விக்கும் இங்கே பதில் சொல்கிறேன்.

மூன்று மாதத்தில் உதட்டையும் பத்து மாதத்தில் அண்ணத்தையும் தைத்துவிட்டார்கள். இப்போது, வளர வளர இன்னும் சில அறுவைகள் வேண்டியிருக்கும் என்கிறார்கள். முதலில் செய்தது சரியில்லையா?

அப்படிப் பொருள் இல்லை. அந்த வயதில் மூடக்கூடியதை மூடியிருக்கிறார்கள். ஈறின் எலும்பு, மேல்தாடை, மூக்கு ஆகியவை இனிமேல்தான் வளர வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே கைவைத்தால் அந்த வளர்ச்சியே தடைபடலாம். எல்லாக் குழந்தைக்கும் எல்லா அறுவையும் தேவைப்படாது. உதட்டில் மட்டும் பிளவு இருந்தவர்களுக்கு மிகக் குறைவாகவே தேவைப்படும்.

என் மகளுக்கு நான்கு வயது. "பாப்பா" என்று சொன்னால் "மாமா" போலக் கேட்கிறது. ஓராண்டாகப் பயிற்சிக்குப் போகிறோம். டாக்டர் மறுபடியும் அறுவை என்கிறார். இன்னும் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் போதாதா?

ப, ட, க, ச போன்ற ஒலிகளைச் சொல்லும்போது அண்ணத்தின் மென்மையான பின்பகுதி மேலெழுந்து, தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்குக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். அண்ணம் குட்டையாக இருந்தாலோ சரியாக எழும்பாவிட்டாலோ காற்று மூக்கு வழியே போய்விடும். எத்தனை ஆண்டு பயிற்சி கொடுத்தாலும் குட்டையான அண்ணம் நீளாது.

இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. வாயில் காற்றை நிறுத்த முடியாத குழந்தை, தொண்டைக்குள்ளேயே காற்றைச் சட்டென்று நிறுத்தி அந்த ஒலியைச் சமாளிக்கப் பழகிவிடும். அது பழக்கம், அதை அறுவை மாற்றாது, பயிற்சிதான் மாற்றும். பல குழந்தைகளிடம் இரண்டும் கலந்தே இருக்கும்.

சளி இல்லாத ஒரு நாளில், குளிர்ந்த சிறு கண்ணாடியை மகளின் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு "பாப்பா", "தாத்தா" என்று சொல்லச் சொல்லுங்கள். ஒலிக்கும் கணத்தில் கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று கசிகிறது. ம, ந, ன வரும் சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றுக்குக் காற்று மூக்கு வழியாகத்தான் வர வேண்டும். இதை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. மூக்கு வழியே மெல்லிய கேமரா விட்டோ, பேசும்போதே எக்ஸ்ரே வீடியோ எடுத்தோ பார்த்த பிறகுதான் எந்த அறுவை என்று தீர்மானிப்பார்கள். அண்ணத்தின் தசையைத் திருப்பியமைத்து நீளமாக்குவது ஒரு முறை. தொண்டைச் சுவரின் திசுவைக் கொண்டு இடைவெளியைக் குறுக்குவது மற்றொன்று. இரண்டாவதற்குப் பின் குழந்தை பலமாகக் குறட்டை விட்டாலோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அண்ணம் தைத்த குழந்தைகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த அறுவை தேவைப்படுகிறது. பதில் தெரிந்தும் வகுப்பில் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். தேவை என்று உறுதியானபின் தள்ளிப்போடாதீர்கள்.

மூக்கடைப்பும் காதில் நீரும் இருப்பதால் அடினாய்டை (மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேலே உள்ள சதை) எடுத்துவிடலாம் என்கிறார் காது மூக்கு தொண்டை மருத்துவர். சம்மதிக்கலாமா?

பிளவுச் சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். அண்ணம் எட்டாத இடத்தை இந்தக் குழந்தைகளிடம் அடினாய்டுதான் நிரப்பிக்கொண்டிருக்கும். அதை முழுவதும் எடுத்தால் நன்றாகப் பேசிய குழந்தையின் குரலும் மூக்கொலியாக மாறிவிடக்கூடும். மூச்சுக்குத் தடை அதிகம் என்றால் மேற்பகுதியை மட்டும் எடுக்கும் வழி உண்டு. காதில் நீர் தேங்குவதற்குச் செவிப்பறையில் சிறு குழாய் வைக்கலாம்.

ஒன்பது வயது மகனுக்கு இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து ஈறில் வைக்க வேண்டுமாம். ஏன் இடுப்பு? அடுத்த ஆண்டு விடுமுறைக்குத் தள்ளிவைக்கலாமா?

ஈறில் பிளவு இருக்கும் இடத்தில் எலும்பு இல்லை. பக்கத்துக் கோரைப்பல் இறங்கி வர எலும்பு வேண்டும். வைத்த எலும்பு நிலைக்க அந்தப் பல்லும் வேண்டும். அதனால் பல் முளைப்பதற்கு முன்பே, பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள், இதைச் செய்கிறார்கள். 1972இல் பாய்ன், சாண்ட்ஸ் என்ற இருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலான முறை இது. நாளைக் குறிப்பது பள்ளி விடுமுறை அல்ல, எக்ஸ்ரே. கோரைப்பல்லின் வேர் பாதிக்கு மேல் வளர்ந்திருந்தால் காலம் வந்துவிட்டது. ஓராண்டு தாங்குமா என்பதைப் படத்தைக் காட்டியே கேளுங்கள்.

இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் பஞ்சுபோன்ற எலும்பு தாராளமாகக் கிடைக்கும்; எடுத்த இடமும் ஆறிவிடும். பிள்ளைகள் பெரும்பாலும் மறுநாளே நடக்கிறார்கள், சில நாள் நொண்டுவார்கள். வாயைவிட இடுப்புதான் வலிக்கிறது என்று பலர் சொல்வார்கள். எலும்பு வைப்பதற்கு முன் பல்வரிசையை விரிக்கக் கம்பி போட வேண்டியிருக்கலாம். சொத்தைப் பல் இருந்தால் வைத்த எலும்பில் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு. இன்றிலிருந்தே பல் துலக்குவதைக் கூட இருந்து பாருங்கள்.

அண்ணத்தில் சிறு ஓட்டை இருக்கிறது. மூட வேண்டுமா?

குடிப்பது மூக்கில் வந்தாலோ பேச்சு கெட்டாலோ மூட வேண்டும். இல்லையென்றால் காத்திருக்கலாம், ஈறை ஒட்டிய ஓட்டை என்றால் எலும்பு வைக்கும்போதே சேர்த்து மூடிவிடுவார்கள்.

ஏழு வயது மகனின் மூக்கைப் பள்ளியில் கேலி செய்கிறார்கள். இப்போதே சரிசெய்ய முடியுமா?

மூக்கின் முழுமையான அறுவை, முகம் வளர்ந்து முடிந்த பிறகே. உதட்டுத் தழும்பிலும் மூக்கு நுனியிலும் சிறு திருத்தங்களை இந்த வயதிலும் செய்யலாம். ஆனால் "ஆபரேஷன் முடிந்தால் யாரும் கேலி செய்யமாட்டார்கள்" என்று அவனிடம் சொல்லாதீர்கள். தழும்பு மங்கும், மறையாது. கேலியை நிறுத்த வேண்டியது பள்ளி. ஆசிரியரை இந்த வாரமே நேரில் பாருங்கள். யாராவது கேட்டால் அவன் தானே சொல்ல ஒரு வாக்கியம் கற்றுக்கொடுங்கள்: "பிறக்கும்போது உதடு சேராமல் இருந்தது, டாக்டர் தைத்தார்." இதைச் சொல்லப் பழகிய பிள்ளைகள் தலை நிமிர்ந்து பேசுகிறார்கள்.

எனக்கு வயது 16. மேல்தாடை உள்வாங்கியிருக்கிறது. தாடையை முன்னால் நகர்த்தும் அறுவை செய்தால் என் பேச்சு மாறிவிடுமா?

நல்ல கேள்வி, தம்பி. தாடை முன்னால் வரும்போது அண்ணமும் தொண்டைச் சுவரிலிருந்து விலகும். ஏற்கெனவே மயிரிழையில் மூடிக்கொண்டிருந்தால் மூக்கொலி திரும்பலாம். அதனால் அறுவைக்கு முன்பே பேச்சைச் சோதித்துப் பதிவுசெய்யச் சொல். அதிக தூரம் நகர்த்த வேண்டுமென்றால், எலும்பை வெட்டிக் கருவி பொருத்தி, நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராக நகர்த்தும் முறையும் இருக்கிறது. வளர்ச்சி நின்றுவிட்டதா என்பதையும் பார்ப்பார்கள். ஆண்களுக்கு அது பெண்களைவிடத் தாமதம். மூக்கு அறுவை தாடைக்குப் பிறகுதான், ஏனெனில் தாடை நகர்ந்தால் மூக்கின் வடிவமும் மாறும். பெற்றோர் விரும்புகிறார்கள் என்பதற்காக மட்டும் தலையாட்டாதே. உனக்கு எது தொந்தரவு, கடிப்பதா, தோற்றமா, பேச்சா என்று எழுதி எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் நீயே பேசு.