வெந்நீரும் வெப்பப் புரதமும்

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ரிப்போர்ட்டில் ஹெர்2 பாசிட்டிவ், 3+ என்று இருக்கிறது. கீமோ நடக்கிறது. 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் புற்றுநோயை வளர்க்கின்றன' என்று வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து வெந்நீரில் குளிப்பதையே விட்டுவிட்டார். அது உண்மையா? உண்மையென்றால் அந்தப் புரதத்தை அழிக்க மருந்து இல்லையா டாக்டர்?
— வாசகி, தென்காசி

பதில்: முதலில் அம்மாவை வெந்நீரிலேயே குளிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கெட் வெந்நீர் கட்டியை வளர்க்காது.

1962-ல் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற இத்தாலிய ஆய்வாளர், சூடு கூடியதும் பழ ஈயின் குரோமோசோமில் சில இடங்கள் உப்புவதைக் கண்டு எழுதினார். அங்கிருந்து உருவாகும் புரதங்கள் பின்னால் தெரியவந்தன. சூட்டில் கண்டதால் அந்தப் பெயர், அவ்வளவுதான். ஆக்சிஜன் குறைந்தாலும் நச்சு சேர்ந்தாலும் செல் இவற்றைக் கூடுதலாகத் தயாரிக்கும். மற்ற புரதங்கள் உருக்குலையாமல் பிடித்துக்கொள்வதுதான் இவற்றின் வேலை. நம் எல்லோருடைய செல்லிலும் இவை உண்டு.

புற்றுநோய் செல்லுக்கு ஓயாத நெருக்கடி. ரத்தம் எட்டாத வேகத்தில் வளர்கிறது. மரபணுப் பிழைகளால் கோணலான புரதங்கள் குவிகின்றன. சாதாரண செல் இந்த நிலையில் தானே மடிந்துவிடும். இங்கே எச்எஸ்பி-70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் அந்த மரணத்தைத் தடுக்கிறது. அதே வகையைச் சேர்ந்த எச்எஸ்பி-90, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கிறது. அவற்றில் ஒன்றுதான் அம்மாவின் ரிப்போர்ட்டில் உள்ள ஹெர்2. 3+ என்றால் ஹெர்2 மிக அதிகம் என்று பொருள். நுண்ணோக்கியில் பார்க்க என் மேஜைக்கு வரும், சாயமேற்றிய 3+ ஸ்லைடுகளில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி அடர்ந்த பழுப்புக் கோடு, கோழிக்கூண்டுக் கம்பிவலை மாதிரி ஓடும். அந்தக் கோடு ஹெர்2. ஆய்வகத்தில் எச்எஸ்பி-90-ஐ முடக்கினால், சில மணி நேரத்திலேயே ஹெர்2 சிதையத் தொடங்குகிறது. வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் உற்பத்தியை முடுக்கும் எச்எஸ்எஃப்-1 என்ற புரதம் இல்லாத எலிகளில் கட்டிகள் குறைவாகவே வந்தன என்று அமெரிக்காவில் சூசன் லிண்ட்குவிஸ்ட் குழு 2007-ல் காட்டியது.

சரி, அப்படியானால் மருந்து? பல ஆண்டுகளாக முயல்கிறார்கள். நல்ல செல்லுக்கும் இவை தேவை என்பதால், இவற்றைத் தடுத்தால் வயிற்றுப்போக்கு, பார்வைக் கோளாறு எல்லாம் வருகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், எச்எஸ்பி-90-ஐ அடைத்தால் செல் எச்எஸ்பி-70-ஐக் கூட்டித் தப்பிக்கப் பார்க்கிறது. இதனால்தான் ஒற்றை மருந்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. இரண்டு வழியையும் சேர்த்து அடைப்பதே பலன் தரும் என்று நினைக்கிறேன். பிமிடெஸ்பிப் என்ற எச்எஸ்பி-90 தடுப்பு மாத்திரைக்கு 2022-ல் ஜப்பான் அனுமதி தந்தது. ஆனால் அது குடல் பகுதியில் வரும் ஜிஸ்ட் என்ற அரிய கட்டிக்கு, அதுவும் மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு. மார்பகப் புற்றுநோய்க்கு அல்ல.

அம்மாவுக்கு அதைத் தேடி அலைய வேண்டாம். ஹெர்2-வை நேரடியாகத் தாக்கும் டிராஸ்டுசுமாப் நம் ஊரிலேயே கிடைக்கிறது. அது சிகிச்சையில் இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இருந்தால் ஒரு ஊசியையும் தவறவிடாதீர்கள். இன்னொன்று: கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அது தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.